நோயாளரின் மனநிலையைக் கேட்டறிதல்

புற்றுநோய்க்கு ஆளானவர்களின் மனநிலையை அளக்கும் வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்கும் பணி சில காலத்துக்கு முன் எனக்கு வாய்த்தது. பதினான்கே வினாக்கள், அரை நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஒரே வினாவில் அரை நாள் கழிந்தது. வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சிகள் சிறகடிப்பது போன்ற அச்ச உணர்ச்சி உண்டாகிறதா என்று அவ்வினா கேட்கிறது. ஆங்கிலேயர்க்கு இது அன்றாட வழக்கு. இதனை அவ்வாறே தமிழில் எழுதினால், தம் வயிற்றில் புதிதாக ஏதோ புகுந்துவிட்டதென்று நோயாளர் மருத்துவரிடம் முறையிடுவார். நம்மவர்க்கு அச்சம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. அல்லது வயிறு கலங்குகிறது. ஆயின் வயிற்றிலேயே நோய் உள்ளவரிடம் 'வயிறு கலங்குகிறதா?' என்று கேட்டால் அவர் எதைக் கருதி விடை கூறுவார்? இவ்வாறு தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. நோயாளரின் மனத்தில் உள்ளதை அவருக்குப் பழகிய சொற்களால் கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதே இத்துறையின் முதற் கேள்வியாகும்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு. இவர்களுள் மருத்துவமனையை அடைந்தவர்களுக்குக் கட்டியின் அளவு, குருதியின் நிலை, உடல் எடை ஆகியவை குறிக்கப்படுகின்றன. இரவில் உறக்கம் வருகிறதா, எதை நினைத்து அஞ்சுகிறார் என்பதற்குப் பெரும்பாலான நோய்க்குறிப்பேடுகளில் இடமே இல்லை. இக்குறை மருத்துவர்களால் மட்டும் நீங்கக்கூடியதன்று. களப்பணியாளரும் ஆசிரியரும் இதில் செய்யத்தக்கது நிரம்ப உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மேலை நாடுகளிலும் இத்துறை பழமையானதன்று. அமெரிக்க மருத்துவர்களிடையே நடத்தப்பெற்று 1961-ல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நோயாளரிடம் புற்றுநோய் என்று சொல்லாமலிருப்பதே தம் வழக்கம் என்றனர். 1979-ல் அத்தகைய ஆய்வு மீண்டும் நடந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் வழக்கம் தலைகீழாயிற்று. நோயின் பெயரே சொல்லப்படாத இடத்தில் அதனால் விளையும் துயரைப் பற்றி ஆராய்வது இயலாதன்றோ? வாய்ப்பூட்டுத் திறந்த பின்னரே ஆராய்ச்சி வளர்ந்தது. நியூயார்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்னும் பெண் மனநல மருத்துவர் 1977-ல் புற்றுநோயாளருக்கென்றே தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். பின்னர் 1984-ல் இத்துறைக்கென அனைத்துலகச் சங்கமும் தோன்றியது.

இவர்கள் எதிர்கொண்ட முதல் இடையூறு சொல்லைப் பற்றியதே. 'மனநோய்' என்ற சொல்லைக் கேட்ட அளவில் நோயாளர் வாய் மூடிக்கொண்டனர். ஆதலின் 1990-களின் இறுதியில் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று, எவரும் கூசாமல் ஒப்புக்கொள்ளத்தக்க பொதுச் சொல்லொன்றைத் தேர்ந்தது. நம் மொழியில் அதனை 'மன உளைச்சல்' எனலாம். அதை அளக்கும் கருவியும் எளியதே. வெப்பமானியின் படம் ஒன்றில் பூச்சியம் முதல் பத்து வரை எண்கள் இருக்கும். சென்ற ஒரு வாரத்தில் தம் உளைச்சல் எவ்வளவு என்பதை நோயாளர் தொட்டுக் காட்டுவார். நான்கோ அதற்கு மேலோ வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

நான் தமிழாக்கிய வினாத்தாள் 1983-ல் இங்கிலாந்தில் சிக்மண்ட், ஸ்னெய்த் என்னும் இருவரால் இயற்றப்பட்டது. பசியின்மை, எடை குறைதல் முதலிய உடற்குறிகளை அவர்கள் வேண்டுமென்றே விலக்கினர். ஏனெனில் இவை நோயினாலும் வரும், மனச்சோர்வினாலும் வரும். மருந்தினால் பசி கெட்டவரைச் சோர்வுற்றவரென்று பிழையாக எண்ணுதல் கூடாது. மனம் சோர்ந்தவரை 'எல்லாம் மருந்தின் விளைவு' என்று புறக்கணித்தலும் கூடாது.

இக்கருவிகளாலும் நேரடி விசாரணையாலும் பெற்ற முடிவுகள் சிந்திக்கத்தக்கவை. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே கூட்டி ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவின்படி, மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் புற்றுநோயாளருள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு உள்ளது. எஞ்சியவர்கள் கவலையற்றவர்கள் என்பது இதன் பொருளன்று.  ஸ்காட்லாந்தில் மனச்சோர்வுற்ற 500 புற்றுநோயாளரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2014-ல் வெளியாயிற்று. தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் மனநல மருத்துவரின் மேற்பார்வையில் தொடர்ந்து கவனித்த பிரிவில், இருபத்து நான்கு வாரங்களில் நூற்றுக்கு 62 பேருக்குச் சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 17 பேருக்கே அவ்வாறு குறைந்தது. 'இந்த நோய் வந்தால் மனம் வாடத்தானே செய்யும்' என்று கைவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இவ்விரு எண்களே காட்டுகின்றன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். மனம் திடமாயிருந்தால் புற்றுநோய் குணமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதற்கு ஆதரவாக ஒருகாலத்தில் ஓர் ஆராய்ச்சியும் இருந்தது. முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களிடம் டேவிட் ஸ்பீகல் என்பவர் நடத்தி 1989-ல் வெளியிட்ட ஆய்வில், கூட்டாக அமர்ந்து மனம்விட்டுப் பேசிய பெண்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு காலம் உயிர்வாழ்ந்தனர். உலகம் வியந்தது. ஆயின் கனடாவில் 235 பெண்களிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில் அவர்களின் ஆயுள் நீளவில்லை. 2007-ல் ஸ்பீகல் தாமே மீண்டும் வெளியிட்ட முடிவிலும் பொதுவாக நீளவில்லை. பிரிட்டனில் 578 பெண்களை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட முடிவும், போராடும் மனப்பான்மையால் ஆயுள் கூடியதாகக் காட்டவில்லை. எனினும் கனடாவில் கூடிப் பேசிய பெண்களுக்கு மனத்துயரும் வலியும் குறைந்தன. அப்பயனே போதுமானதன்றோ? மனத்துயரைத் தணிப்பதற்கு ஆயுள் நீள்வதைக் காரணம் காட்ட வேண்டுவதில்லை. துயரம் துயரமாயிருப்பதே போதிய காரணம்.

ஆகவே 'தைரியமாயிருங்கள்' என்று நோயாளருக்குக் கட்டளையிடுவதை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பது என் துணிபு. இது ஆறுதல் போலத் தோன்றும் சுமை. நோய் மீண்டும் தலைகாட்டினால், தாம் அஞ்சியதுதான் காரணமோ என்று நோயாளர் தம்மையே குறைகூறிக்கொள்வார்.

நோயின் பெயரை மறைக்கும் வழக்கத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். இதை நான் அயலாரைக் குற்றம் சாட்டும் முறையில் எழுதவில்லை. என் பெரியம்மாவுக்கு இந்நோய் கண்டபோது, குடும்பத்தார் அனைவரும் கூடி, அவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஒருநாள் அவர் மருத்துவமனைச் சீட்டை என்னிடம் நீட்டி, "நீ இங்கிலீஷ் படித்தவனாயிற்றே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லப்பா" என்றார். வயிற்றுப்புண் என்று சொன்னேன். என் தொழில் வாழ்க்கையில் நான் அறிந்தே செய்த பிழையான மொழிபெயர்ப்பு அது ஒன்றே. பல வாரங்களுக்குப் பின் அவர் சொன்னார்: "தெரியாமலா கேட்டேன்? அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் அதே வியாதிதானே. யாராவது என்னோடு அதைப் பற்றிப் பேசுவீர்களா என்று பார்த்தேன்." நாங்கள் அன்பினால் மறைத்தோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வாரங்களில் அவர் தனியாகவே அஞ்சிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை.

இதனால், நோயின் பெயரை எவரும் எவ்விடத்தும் போட்டு உடைக்கலாம் என்று நான் கூறவில்லை. நோயறிவிப்பது மருத்துவரின் கடமை. களப்பணியாளர் அதனை மேற்கொள்ளலாகாது. 'உங்கள் உடம்பைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார்? இன்னும் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று கேட்கலாம். எவ்வளவு அறிய வேண்டும் என்பதை நோயாளரே வரையறுக்கட்டும். சிலர் அறிய விரும்பார். அதுவும் அவர்களுடைய உரிமையே.

களப்பணியாளருக்கு வழி முன்னமே திறந்திருக்கிறது. முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்காக ஆஷா பணியாளர் வீடுதோறும் நிரப்பும் படிவத்தில் இரு வினாக்கள் உள்ளன. சென்ற இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா? மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்தீர்களா? இவற்றைக் கட்டம் நிரப்பும் சடங்காகக் கேட்டால் 'இல்லை' என்ற விடையே வரும். உறவினர் சூழ்ந்திருக்கையில் கேட்டாலும் அவ்வாறே. தனியாக, அமர்ந்து, அவ்வூர்ப் பேச்சில் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பேச்சில் வாழ்வை வெறுக்கும் குறிப்புத் தோன்றின், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இத்தகைய பணிக்குப் பட்டம் தேவையில்லை என்பதற்குக் கேரளம் சான்று. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம், பின்னர் அக்கம்பக்கத்தாரையே தொண்டராகப் பயிற்றி, மருத்துவர், செவிலியர் துணையோடு வீடுகளுக்கு அனுப்பிற்று.

ஆசிரியர்கள் இதில் தமக்குப் பங்கில்லை என்று கருதலாகாது. தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் கண்ட பிள்ளையிடம் வீட்டில் எவரும் எதுவும் சொல்லியிரார். தன் குறும்பினால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்றுகூடச் சிறு பிள்ளை எண்ணும். 'இது உன்னால் வந்ததன்று' என்ற ஒரு வாக்கியம் அப்பிள்ளைக்குப் பேருதவியாகும். சிகிச்சை முடிந்து முடி உதிர்ந்த தலையோடு பள்ளிக்குத் திரும்பும் மாணவனைப் பற்றி, பெற்றோரின் சம்மதம் பெற்று, அவன் வருமுன்பே மற்ற மாணவர்களிடம் பேசுக. இந்நோய் தொட்டால் ஒட்டாது என்பதை விளக்குக. அவனுக்கு இரக்கத்தைவிடப் பழைய இருக்கையும் பழைய நண்பனும் வேண்டும்.

அவ்வினாவை இறுதியில் எவ்வாறு எழுதினேன் என்று அன்பர்கள் கேட்கலாம். வயிற்றை அடியோடு விட்டுவிட்டு, 'திடீரென்று மனம் பதைக்கிறதா?' என்று எழுதினேன். அதனை முதன்முதலில் படித்துக் காட்டியபோது, முதியவர் ஒருவர் விடை கூறவில்லை. "இதை இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்றார். அவ்விடைக்கு வினாத்தாளில் மதிப்பெண் இல்லை. ஆனால் நாம் செய்ய வேண்டிய பணி இன்னதென்பதை அது தெளிவாகக் கூறிவிட்டது.