கன்னடம் கற்போம்: பகரமும் ஹகரமும்

சென்ற திங்கள் எண்ணுப் பெயர்களைப் பயின்றோம். அவற்றுள் ‘பத்து’ என்பது கன்னடத்தில் ‘ஹத்து’ ஆனது ஏன் என்று காக்ஸ் டவுன் சகோதரி ஒருவர் வினவியுள்ளார். அதற்குரிய விடையே இத்திங்கள் பாடம்.

தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம், இக்காலக் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும். பூ ‘ஹூவு’, புலி ‘ஹுலி’, புளி ‘ஹுளி’. மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் இறுதியில் உகரமும் பெறும்: பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’. பழங்கன்னடத்தில் இத்தகைய சொற்கள் பகரத்துடனேயே வழங்கின. ஹாசன் மாவட்டத்து ஹல்மிடிக் கல்வெட்டு ஏறத்தாழக் கி.பி. 450ஆம் ஆண்டினது என்பர். அதில் அவ்வூரின் பெயரே பகரத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே சந்தையில் ‘ஹாலு’ என்று கேட்பவர் நம் பாலையே கேட்கிறார். அயற்பொருள் எதனையும் அன்று.

இவ்விதியை எங்கும் செலுத்துதல் ஆகாது. இடையில் இரட்டித்து வரும் பகரம் மாறுவதில்லை: அப்பா, உப்பு. ‘புஸ்தக’, ‘பத்ர’ போன்ற வடசொற்களும் அவ்வாறே நிற்கும்.

இனி, ஒலியினும் இன்றியமையாத ஒன்று. நம்மில் பலர் கன்னடத்தை ஏட்டில் கற்றவரல்லர். தெருவில் விளையாடும் சிறுவர் பேச்சைக் கேட்டுக் கற்றவர். சிறுவர் தம்முள் வழங்குவது ஒருமை. அதனையே நாம் பெரியோரிடத்தும் வழங்கிவிடுகிறோம். ‘நீனு’ என்பது நீ. ‘நீவு’ என்பது நீங்கள். ‘கொடு’ என்பது ஒருமை ஏவல். ‘கொடி’ என்பது கொடுங்கள். அங்ஙனமே ‘ஹேளு’ என்றால் சொல். ‘ஹேளி’ என்றால் சொல்லுங்கள். இகரம் ஒன்றே வேற்றுமை. அதனை விட்டுவிட்டால் பொருள் விளங்கும், மதிப்புக் குன்றும். தமிழில் முதியவர் ஒருவரை நீ என்று விளிக்க நாணும் நாம், அறியாமையால் அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தலாமா? ஐயம் நேரும்போதெல்லாம் ‘நீவு’ என்றே வழங்குக. மிகுந்த மரியாதையால் எவரும் வருந்தார்.

பயிற்சி: பகல், பொன், புல், புழு ஆகிய நான்கு சொற்களையும் மேற்கண்ட விதிப்படி கன்னடமாக்குக. வீட்டுப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்க. விடைகள் அடுத்த திங்கள்.