விளையாட்டு விமானமும் வீட்டுப் பேச்சும்



விமானம் என்றதும் எங்களில் பலருக்கு பங்கர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே விமானத்தைச் சிறு பிளாஸ்டிக் துண்டுகளாக வாங்கி, பசையால் ஒட்டி, வர்ணம் பூசி மேசையில் வைக்கும் பொழுதுபோக்கு ஒன்றும் உலகில் உண்டு.

பிரித்தானியாவில் இதனைப் பரவலாக்கியது எயார்பிக்ஸ் நிறுவனம். ஹங்கேரியில் பிறந்து அங்கு குடியேறிய நிக்கலஸ் கோவ் 1939இல் ஆரம்பித்தது. தலைசீவும் சீப்புகளைச் செய்துவந்த அந்நிறுவனம், 1953இல் ஸ்பிட்பயர் போர் விமானத்தை 72இல் ஒரு பங்கு அளவில் விற்றது. 11 மீற்றருக்கு மேல் அகன்ற இறக்கைகள் 16 சென்ரிமீற்றருக்குள் அடங்கின. உலக யுத்தம் முடிந்து அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர், அந்நாட்டின் மீதே குண்டு போட்ட ஜேர்மன் ஹெயின்கல் விமானமும் பெட்டியில் வந்தது.

இத்தகைய பெட்டியொன்று உங்கள் பிள்ளையின் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? பறித்து எறிந்தால் பிள்ளைக்குக் காரணம் விளங்காது. துண்டுகளைப் பொருத்துவது பொறுமையையும் கைத்திறனையும் வளர்க்கும். பசையின் ஆவி கூடாது. யன்னலைத் திறந்து வையுங்கள். சிறு துண்டுகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பக்கத்தில் இருந்து பேசுங்கள். பெட்டியின் படத்தில் விமானமும் வீரமும் இருக்கும். கீழே பிள்ளையை அணைத்தபடி ஓடிய தாய் இருக்கமாட்டாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே.