இரண்டாவது ஏலம்

பிரிட்ஜில் ஏலத்தைத் திறக்க யாரும் சீக்கிரம் பழகிவிடலாம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணி, 12 புள்ளி தேறினால் திறக்கலாம். நல்ல ஆட்டக்காரர் யார் என்பது அவருடைய அடுத்த ஏலத்தில்தான் தெரியும்.

‘ஒரு டைமண்ட்’ என்று திறப்பவரிடம் 12 புள்ளியும் இருக்கலாம், 20 புள்ளியும் இருக்கலாம். எதிரே இருக்கும் கூட்டாளி 6 புள்ளியை வைத்துக்கொண்டே ‘ஒரு ஸ்பேடு’ என்று பதில் சொல்லலாம். நம் கையின் பலத்தை அவருக்குப் புரியவைப்பது இனி நம் பொறுப்பு.

ஒரு கையைப் பார்ப்போம். ஸ்பேடில் 7, 2. ஹார்ட்டில் ராஜா, ராணி, 9, 4. டைமண்டில் ஏஸ், ராணி, 8, 6, 3. கிளாவரில் ராஜா, 5. மொத்தம் 14 புள்ளி. ‘இரண்டு ஹார்ட்’ என்று வாய்வரை வந்துவிடும். சொல்லக் கூடாது. கூட்டாளிக்கு ஹார்ட் ஒத்துவராவிட்டால், டைமண்டுக்குத் திரும்ப அவர் ‘மூன்று டைமண்ட்’ வரை ஏறியாக வேண்டும். 13 பிடியில் 9 எடுக்க வேண்டும். அவரிடம் 6 புள்ளிதான் என்றால், கட்டில் உள்ள 40 புள்ளியில் நமக்குச் சரிபாதிதான். அது 9 பிடிக்குப் போதாது.

‘ஒரு நோ டிரம்ப்’ என்பதே சரி. 12 முதல் 14 புள்ளி, சீட்டுகள் ஏறக்குறைய சமமாகப் பிரிந்த கை என்று அதற்கு அர்த்தம். கூட்டாளி அங்கேயே நிறுத்தலாம். 7 பிடி போதும். ஹார்ட் பொருத்தமும் கைவிட்டுப் போகாது. அவரிடம் 5 ஸ்பேடும் 4 ஹார்ட்டும் இருந்தால் அவரே ‘இரண்டு ஹார்ட்’ என்பார். ஸ்பேடு நாலே என்றால், ஹார்ட்டை முதலிலேயே சொல்லியிருப்பார்.

அதே கையில் டைமண்ட் ஏஸ், ராஜா, ஜாக்கி, 8, 6 என்றும், கிளாவர் ஏஸ், 5 என்றும் இருந்தால் 17 புள்ளி. இப்போது ‘இரண்டு ஹார்ட்’ என்று துணிந்து சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் இதை ‘ரிவர்ஸ்’ என்பார்கள். மூன்றாம் படிக்கு ஏறினாலும் இந்தக் கை தாங்கும்.

1925-ல் ஹரால்டு வாண்டர்பில்ட் வகுத்த முறையில், ஏலத்தில் கேட்காத பிடிகள் ‘கேம்’ கணக்கில் சேராது. அதனால் பலத்தைக் குறைத்துச் சொன்னாலும் நஷ்டம், கூட்டிச் சொன்னாலும் நஷ்டம்.

புதிதாக ஆடுபவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: இரண்டாவது ஏலத்தின்போது உங்கள் சீட்டின் அழகைப் பார்க்காதீர்கள். நீங்கள் சொல்லப்போவது கூட்டாளியை எந்தப் படிக்கு ஏற்றும், அங்கே அவரைத் தாங்க உங்களிடம் பலம் உண்டா என்று பாருங்கள்.