வழியில் பிறந்த குழந்தையின் முதல் உரிமை

 

இன்று தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் 100-க்கு 99-க்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், வலி கண்ட சிறிது நேரத்திலேயே வீட்டிலோ, ஆட்டோவிலோ, ஆம்புலன்ஸிலோ பிறந்துவிடும் குழந்தைகளும் உண்டு. இரண்டாம், மூன்றாம் பிரசவங்கள் விரைந்து முடிந்துவிடலாம். குறைமாதக் குழந்தைகள் எதிர்பாராமல் வந்துவிடலாம். இதில் தாயின் குற்றம் ஏதுமில்லை. வேண்டுமென்றே மருத்துவமனையைத் தவிர்ப்போரைப் பற்றியும் நாம் இங்குப் பேசவில்லை. அல்லாஹ்வின் நாட்டப்படி வழியிலேயே பிறந்துவிட்ட குழந்தையைச் சுற்றி நிற்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதே நம் கவலை.

அக்குழந்தைக்கு நேரும் ஆபத்துகளில், மூச்சுக் கோளாற்றை அடுத்து, மக்கள் அதிகம் கவனிக்காதது குளிர். ஊரே வெயிலில் வேகும்போது குளிர் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கருவறையின் வெதுவெதுப்பிலிருந்து ஈர உடம்போடு வெளிவரும் குழந்தையின் மேனியில் அந்த ஈரம் காயும்போது, உடற்சூட்டையும் சேர்த்து எடுத்துச் சென்றுவிடுகிறது. பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். அது குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு தளரும். எடை குறைந்த குழந்தைக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும்.

இங்கேதான் நம் வழக்கமொன்று குறுக்கே வருகிறது. குழந்தையின் காதில் பாங்கு சொல்ல வேண்டும். அதற்கு முன் குளிப்பாட்டிச் சுத்தமாக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பாங்கு சொல்வதற்குக் குழந்தை குளித்திருக்க வேண்டும் என்பது மார்க்கம் விதித்த நிபந்தனை அன்று. துடைத்து உலர்த்தப்பட்ட குழந்தை தாயின் மார்பில் கிடக்கும்போதே, அதன் காதருகே மெல்லிய குரலில் பாங்கு சொல்லலாம். குளிப்பாட்டுவதைக் குறைந்தது 24 மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சேனை என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டு வைப்பதும் அவ்வாறே. ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான எச்சரிக்கை. தஹ்னீக் சுன்னத்தாயிற்றே எனலாம். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். நிறைமாத கர்ப்பிணியாக ஹிஜ்ரத் புறப்பட்டு வந்து, குபாவில் தங்கியிருந்தபோது அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களை ஈன்றெடுத்தார்கள். அதன் பின்னரே குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு சென்றார்கள். அங்கேதான் தஹ்னீக் நடந்தது. பிறந்த நிமிடத்திலேயே நிறைவேற்றியாக வேண்டிய கடமையாக அது இருக்கவில்லை. முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் புகட்டுவோம். தஹ்னீக் செய்ய விரும்புவோர் குழந்தையின் நிலை சீரான பின், மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உடனே 108-ஐ அழையுங்கள். சுத்தமான துணியால் குழந்தையைத் தலை முதல் கால் வரை துடையுங்கள். அழவில்லையெனில் துடைத்தவாறே முதுகை நீவிவிடுங்கள். ஈரத் துணியை அகற்றிவிட்டு, குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, இருவரையும் உலர்ந்த துணியால் போர்த்துங்கள், தலையையும் மூடுங்கள். தொப்புள்கொடியை வீட்டுக் கத்தியாலோ பிளேடாலோ அறுக்காதீர்கள். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். தாயும் சேயும் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும். தாயின் இரத்தப்போக்கு பின்னர் பெருகக்கூடும். குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் உண்டு.

ஆம்புலன்ஸில் வருபவர் ஆணாயிற்றே என்று தயங்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்வோம். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில், தேவையான அளவுக்கு அந்நிய ஆணின் சிகிச்சையை ஏற்பதை மார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தத் தயக்கத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

மஹல்லா ஜமாஅத்துகளே! நிஸ்வான் மதரஸாக்களில் குளிப்பின் சட்டங்களைக் கற்பிக்கிறோம். நிஃபாஸின் சட்டங்களைக் கற்பிக்கிறோம். அவற்றோடு இந்த ஒரு மணி நேரத்தின் பாடத்தையும் சேர்த்துக் கற்பிப்போம். எட்டாம் மாதத்திலேயே உலர்ந்த பருத்தித் துணிகளும் குழந்தைக்கான தொப்பியும் ஒரு பையில் ஆயத்தமாக இருக்கட்டும். நள்ளிரவில் வண்டி எடுக்கக்கூடியவர்களின் எண்கள் ஜமாஅத்தில் இருக்கட்டும். ஏற்பாடுகளைச் செய்துவிட்டு அல்லாஹ்வைச் சார்ந்திருப்பதே தவக்குல்.

வல்ல ரஹ்மான் நம் தாய்மார்களையும் பச்சிளங்குழந்தைகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.