இனி என்ன படிக்க ஆசை?

ஒக்டோபர் 1 வந்தால் எங்கட ஊர்களில் முதியோர் தினம் நடக்கும். மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் நிரைநிரையாக. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. ஊரில் வயது கூடினவருக்குப் பொன்னாடை. ஒரு மூலையில் பிரஷர் பார்ப்பினம், சீனி பார்ப்பினம். பிறகு மதியச் சாப்பாட்டுப் பார்சல். மேடையில் நிற்பவர்கள் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுவார்கள். 30 வருடம் வகுப்பில் கதைத்த ரீச்சர், சங்கக்கடைக் கணக்குகளைத் தலைகீழாகப் பாடமாக வைத்திருந்த மனேஜர், ஊரின் அத்தனை காணி எல்லையும் தெரிந்த ஓய்வுபெற்ற விதானையார் எல்லோரும் கீழே இருந்து கேட்பார்கள்.

பிரஷர் பார்க்கத்தான் வேணும், சாப்பாடும் குடுக்கத்தான் வேணும். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கு: “ஐயா, அம்மா, இனி என்ன படிக்க ஆசை?”

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2012 குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் கிட்டத்தட்ட எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். அதற்குப் பிறகு இந்தப் பங்கு கூடிக்கொண்டுதான் வருகுது. அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தினார்கள். பிறகு பொருளாதார நெருக்கடியோட 2022இல் திரும்பவும் 60 ஆக்கினார்கள். அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் ஒரேயடியாக அலுவலகத்தை விட்டு வீட்டுக்குப் போனார்கள். 60 வயதில் ஓய்வுபெறும் ஒருவர் இன்னும் 15, 20 வருடம் வாழ்வது இப்ப சாதாரணம். முதலாம் வகுப்பில் இருந்து உயர்தரம் வரைக்கும் நாங்கள் படிப்பது 13 வருடம். அந்த 13 வருடத்துக்குப் பாடத்திட்டம், ரியூசன், பரீட்சை, பள்ளிச் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி எல்லாம் இருக்கு. அதைவிட நீளமான இந்தக் காலத்துக்கு நாங்கள் வைத்திருப்பது கோயில், ரிவி, பேரப்பிள்ளை. அவ்வளவுதான்.

இதே கணக்கை வேறு நாடுகளில் ஐம்பது வருடத்துக்கு முன்னரே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் 1968இல் வந்த உயர்கல்விச் சீர்திருத்தம், பல்கலைக்கழகங்கள் வாழ்நாள் முழுவதுமான கல்விக்கும் பொறுப்பெடுக்க வேண்டும் என்றது. அந்த வழியில் 1973இல் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் மூத்தவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தார். விரிவுரை, உடற்பயிற்சி, சுற்றுலா எல்லாம் சேர்ந்த திட்டம் அது. பெயர் “மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்”. பேராசிரியர்கள் கற்பிப்பார்கள், மூத்தவர்கள் படிப்பார்கள்.

இங்கிலாந்துக்கு இந்த யோசனை வந்தபோது ஒரு சுவாரசியமான மாற்றம் நடந்தது. 1981, 82இல் கேம்பிரிட்ஜில் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், சமூகவியலாளர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்டர் ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். “எங்களுக்கு ஏன் பேராசிரியர்? ஓய்வுபெற்ற கூட்டத்துக்குள்ளேயே எல்லாத் துறை ஆட்களும் இருக்கினமே” என்பதுதான் அவர்களின் வாதத்தின் சாரம். படிப்பிப்பவரும் படிப்பார், படிப்பவரும் படிப்பிப்பார். நுழைவுத் தகுதி இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. படிப்பிப்பவருக்குச் சம்பளமும் இல்லை. ஒரு சிறிய வருடச் சந்தா மட்டும். இப்ப பிரித்தானியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இப்படியான குழுக்கள் இயங்குகின்றன. உறுப்பினர்கள் நாலு லட்சம் அளவில்.

உள்ளே என்ன நடக்குது? மாதம் ஒருதரம் எல்லாரும் கூடும் விரிவுரை. மற்ற நாட்களில் சின்னச் சின்ன ஆர்வக் குழுக்கள். ஒருவர் வீட்டு விறாந்தையில் பத்துப் பேர் இருந்து பிரெஞ்சு படிப்பினம். இன்னொரு இடத்தில் ஊர் வரலாறு, பறவை பார்த்தல், செஸ். மாதத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து ஒரு நூதனசாலைக்கோ பழைய தேவாலயத்துக்கோ போவினம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் திங்கட்கிழமை முதலுதவி சொல்லிக் கொடுப்பார், வியாழக்கிழமை அவரே நீர்வர்ண ஓவிய வகுப்பில் மாணவியாக இருப்பார். இரண்டும் அதே கதிரை, அதே தேத்தண்ணி.

லாஸ்லெட் வாழ்க்கையை நாலு கட்டமாகப் பிரித்தார். முதலாவது, பிறரில் தங்கியிருந்து படிக்கும் வயது. இரண்டாவது, உழைத்துக் குடும்பம் பார்க்கும் வயது. மூன்றாவது, தனக்கு விருப்பமானதைச் செய்து நிறைவு காணும் வயது. நாலாவது, உடல் தளர்ந்து திரும்பவும் பிறரில் தங்கியிருக்கும் வயது. எங்கட சமூகத்தின் சிக்கல் இந்த மூன்றாவது கட்டத்தை நாங்கள் கணக்கிலேயே எடுக்காதது. ஒருத்தருக்குப் பென்சன் கடிதம் வந்த அடுத்த நாளே அவரை நாலாவது கட்டத்துக்குத் தள்ளிவிடுகிறோம். “அப்பா இனி ஓய்வாக இருங்கோ” என்று அன்பாகத்தான் சொல்லுறோம். அதன் அர்த்தம் “அப்பா, விறாந்தையில் இருங்கோ” என்பதுதான்.

இதுக்கு உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “அது வெள்ளைக்காரன்ர விளையாட்டு. அவனுக்குப் பென்சன் இருக்கு, பஸ் நேரத்துக்கு வரும். எங்கட ஆக்களுக்குக் கோயில் காணும்.”

கோயிலையே எடுப்போம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராண படனம் என்று ஒரு வழக்கம் இருக்கு. ஒருவர் கந்தபுராணப் பாட்டை இசையோட வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். சுற்றி இருப்பவர்களில் பாட்டுத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பயன் பிழைத்தால் திருத்துவார்கள், வாதாடுவார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று சொன்னது இந்த மண்ணைத்தான். பட்டமோ சம்பளமோ எதிர்பார்க்காமல் வளர்ந்த மனிதர்கள் ஒன்றாக இருந்து ஒரு கடினமான நூலை வருடாவருடம் படித்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் 1982இல் நடந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அதேபோலத்தான் எங்கட வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும். காலமை பேப்பர் வந்ததும் அங்கே நடக்கும் அரசியல் வகுப்பை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தாது.

ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிடக் கூடாது. அந்தப் புராண படனத்தில் பயன் சொன்ன பெண்கள் எத்தனை பேர்? வாசிகசாலை வாங்கில் காலமை பேப்பர் பார்க்கிற அம்மம்மாவை யாராவது கண்டிருக்கிறீங்களா? சாதியைச் சொல்லி வெளியில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தக் ‘கந்தபுராண வகுப்பு’ எப்ப திறந்தது? 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்த மண் இது. இன்றைக்கும் ஒரே ஊருக்குள் ‘அவையின்ர சனசமூக நிலையம்’, ‘எங்கட சனசமூக நிலையம்’ என்று இரண்டு கட்டடம் நிற்கும் இடங்கள் இருக்கு. எங்களிடம் மரபு இருந்தது உண்மை. அதன் கதவு ஒடுக்கமாக இருந்ததும் உண்மை. புதிதாக ஏதாவது தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கதவின் அகலத்தைத்தான்.

‘ஓய்வுபெற்றவர்’ என்ற சொல்லிலும் இதே ஒடுக்கம் இருக்கு. கடற்றொழிலாளிக்கு ஓய்வுக் கடிதம் வராது. தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவுக்குப் பிரியாவிடை வைபவம் நடக்காது. வீட்டில் சமைத்தவருக்கு 60 வயதிலும் அடுப்படிதான், 75 வயதிலும் அடுப்படிதான். அம்மம்மாக்களின் நிலை இன்னும் சிக்கல். பிள்ளைகள் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது அவர்கள்தான். “அவவுக்குப் பொழுது போகுது” என்று நாங்கள் சொல்லுவது முழுநேர வேலை ஒன்றை. எனவே பின்னேரம் 4 மணிக்கு நகரத்தில் ஒரு விரிவுரை வைத்துவிட்டு, “பெண்கள் வருகினம் இல்லை” என்று குறைப்படுவதில் பிரயோசனம் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் காலமை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், நடந்து போகக்கூடிய தூரத்தில் வைத்தால் வருவினம்.

இளைஞர்களாகிய எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேணும். நாங்கள் மூத்தவர்களைத் தேடிப் போகாத ஆட்கள் இல்லை. போனில் ரெக்கோடிங்கை அமத்திவிட்டு, “81இல் நூலகம் எரிஞ்சபோது எங்க இருந்தனீங்கள்? 83இல் எப்படித் தப்பி வந்தீங்கள்? இடம்பெயர்வைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்கிறோம். வாய்மொழி வரலாறு அவசியமான வேலை. அதைச் செய்யும் எல்லோருக்கும் எங்கட தலைமுறை கடமைப்பட்டது. ஆனால் அந்த உறவு ஒரு பக்கம் மட்டும் ஓடுது. அவர்களிடம் இருந்து எடுக்கிறோம், சேமிக்கிறோம், காட்சிப்படுத்துகிறோம். அவர்கள் எங்களுக்கு ஆவணம் ஆகிவிட்டார்கள். ஆவணத்துக்கு நேற்று மட்டும்தான் இருக்கும். 68 வயது மனிதருக்கு நாளைக்கும் இருக்கு. அவருக்குச் சிங்களம் வாசிக்கப் பழக ஆசை இருக்கலாம், வருகிற அரச கடிதத்தைத் தானே படிக்க. வட்ஸ்அப்பில் வரும் செய்தி உண்மையா பொய்யா என்று பார்க்கத் தெரிய வேணும் என்று நினைக்கலாம். சின்ன வயதில் வீட்டில் விடாத வயலினை இப்ப தொட ஆசை இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

சுற்றுலாவும் அப்படித்தான். எங்கட மூத்தவர்களின் பயணம் என்றால் யாத்திரை: கதிர்காமம், நயினாதீவு, மடு. நல்லது, போகட்டும். அதே வாகனத்தில் ஒருநாள் நெடுந்தீவுக்குப் போனால் என்ன? குறிகட்டுவானில் இருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவு. பவளக்கல் மதில்கள், ஒல்லாந்தர் காலக் கட்டட எச்சங்கள், பெருக்கமரம், கட்டாக்காலிக் குதிரைகள். கந்தரோடைக்குப் போனால் சிறிய தூபிகளின் முன்னால் நின்று, தமிழ்ப் பௌத்தம் பற்றி நாங்கள் கதைக்கப் பயப்படும் கதையைக் கதைக்கலாம். கூட்டத்தில் ஒரு பழைய ஓவசியர் இருந்தால் சுண்ணாம்புச் சாந்து எப்படிக் குழைப்பது என்று சொல்லுவார். பழைய மீனவர் இருந்தால் அந்தக் கடலின் நீரோட்டத்தைச் சொல்லுவார். அங்கே வழிகாட்டி தேவையில்லை. மலசலகூடம் எங்கே இருக்கு, எத்தனை படி ஏற வேணும், படகில் கைபிடித்து ஏற்ற ஆள் இருக்கா என்பதை முதல்நாள் பார்த்து வைக்க ஒருவர்தான் தேவை. அந்த வேலைக்கு நாங்கள் பொருத்தம்.

அமைப்பு ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டிய தேவையும் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இருக்கு. பல இடங்களில் அவை கூட்டக் குறிப்பும் உதவித்தொகைப் பட்டியலுமாகச் சுருங்கிக் கிடக்கு. பகலில் பூட்டிக் கிடக்கும் சனசமூக நிலையக் கட்டடங்கள் இருக்கு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கு. விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் விரிவுரை மண்டபம் ஒன்றை மாதத்தில் ஒரு காலமை திறந்துவிட்டால் துலூஸ் வழியும் வந்துவிடும், கேம்பிரிட்ஜ் வழியும் வந்துவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதை நாங்கள் தலைமை தாங்கி நடத்தினால் திரும்பவும் ஒக்டோபர் 1தான் வரும். பனர் அடிப்போம், பிரதம விருந்தினரைக் கூப்பிடுவோம், படம் எடுத்துப் போடுவோம். ஆறு மாதத்தில் எங்களுக்கு வேலை கிடைத்துக் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவோம். குழு செத்துப்போகும். நிர்வாகம், கணக்கு, நேர அட்டவணை, சண்டை, சமாதானம் எல்லாம் அவர்களுடையதாக இருக்க வேணும். வாழ்நாள் முழுக்க அலுவலகமும் சங்கக்கடையும் கோயில் திருவிழாவும் நடத்தினவர்களுக்கு இது பெரிய காரியமா? எங்கட பங்கு சின்னது. திறப்பை வாங்கிக் குடுப்பது, கதிரை அடுக்குவது, மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவது, கேட்டால் மட்டும் போனைப் பற்றிச் சொல்லிக் குடுப்பது. இடமிருந்தால் கடைசி வாங்கில் இருந்து நாங்களும் படிக்கலாம்.

இதெல்லாம் நடக்குமோ நடக்காதோ, முதல் வேலைக்கு மண்டபமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். இந்தக் கிழமை உங்கட வீட்டிலோ அயலிலோ இருக்கும் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கோ. “எனக்கு இனி என்னத்துக்குப் படிப்பு” என்று சிரிப்பினம். இரண்டாம் தரமும் கேளுங்கோ. மூன்றாம் தரம் உண்மையான பதில் வரும். அதே பதிலைச் சொல்லும் இன்னும் நாலு பேரை ஊருக்குள் தேடிப் பிடித்தால் வகுப்பு தொடங்கியாச்சு.