மசாஜ் பண்ணிக்கிட்டா போதுமா?

தாய்லாந்து போய்விட்டு வருகிறவர்களில் சியாங் மாய் வரை போனவர்கள் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்கள். அங்கே பெண்கள் சிறை நடத்தும் மசாஜ் நிலையம் ஒன்று இருக்கிறது. விடுதலை நெருங்கிய கைதிகள் தொழில் கற்றுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கால் பிடித்து விடுகிறார்கள். வரும் காசில் அவர்களுக்கும் பங்கு உண்டு. "உடம்பு வலியும் போச்சு, நல்ல காரியமும் ஆச்சு" என்று கதை முடியும். புண்ணியம் இவ்வளவு சல்லிசாகக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? :-)

எனக்கு மசாஜ் மேல் கோபமில்லை. கதையை அங்கேயே நிறுத்துவதுதான் எரிச்சல். மிச்சக் கதை இதுதான்: விடுதலையான பெண்களை வேலைக்குச் சேர்க்க ஆளில்லாமல், அந்தச் சிறையின் இயக்குநராக இருந்த அம்மாவே வெளியே 'லீலா' என்று மசாஜ் கடை திறந்து அவர்களுக்கு வேலை கொடுத்தார். சிறைப் பெண் என்று தெரிந்தே கால் நீட்டியவர்கள் உண்டு. அதே பெண் வெளியே வந்து வேலை கேட்டால்தான் முகம் திரும்பியது.

தாய்லாந்து எதற்கு? எங்கள் ஆரம்பாக்கத்திலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் சென்னைக்குப் போனால் செங்குன்றம் தாண்டியதும் புழல். 2006-ல் சென்ட்ரல் பக்கத்திலிருந்த பழைய சிறையை மூடி இங்கே கொண்டு வந்தார்கள். சிறைத்துறை 'ஃப்ரீடம்' என்ற பெயரில் கைதிகள் செய்யும் பொருட்களை விற்கிறது. பெட்ரோல் பங்கும் நடத்துகிறது. 2023 ஆகஸ்டில், அம்பத்தூர் சாலையில் இந்தியன் ஆயிலோடு சேர்ந்து பெண் கைதிகளே நடத்தும் பங்க் திறந்தார்கள். பேப்பரில் போட்டோ வந்தது, எல்லோரும் பாராட்டினோம். சரி. அங்கே பெட்ரோல் போடக் கற்றுக்கொண்ட பெண் விடுதலையானதும், கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ தனியார் பங்க்கில் போய்க் கேட்டால் சேர்ப்பார்களா?

கொஞ்சம் காமர்ஸ் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைதிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998-ல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாப்பாடு, துணிச் செலவைக் கழிக்கலாம், பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம் என்றும் சொன்னது. நம் மாநிலத்தில் பல வருடம் நடந்த கணக்குப்படி நூறு ரூபாய் கூலியில் 50 பராமரிப்புக்கு, 20 பாதிக்கப்பட்டோர் நிதிக்கு. கையில் நிற்பது 30. ஆக, சேமிப்பு பலமாக இருக்காது. வெளியே வந்த முதல் மாதமே சம்பளம் வேண்டும்.

அங்கேதான் தொழிற்சாலை கேட் குறுக்கே நிற்கிறது. போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிற கம்பெனியில் 'வழக்கு உண்டு' என்று வந்தால் ஃபைல் ஓரம் போய்விடும். என்ன வழக்கு, எப்போது நடந்தது என்று யார் பார்க்கிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-ன் கீழ் வரும் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சிறைக்குள் தையல் பயிற்சி நடத்தினால் அந்தக் கணக்கில் எழுதலாம். பயிற்சி முடித்தவரைச் சொந்த கம்பெனியில் சேர்த்துச் சம்பளம் கொடுத்தால் எழுத முடியாது! தையல் மெஷின் கொடுத்தால் போட்டோவும் கிடைக்கும். ஆளைச் சேர்த்தால் என்ன கிடைக்கும்?

"தப்பு பண்ணாத பசங்களுக்கே சிப்காட்டில் வேலை இல்ல, இவங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். என் தெருவிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் இட ஒதுக்கீடு கேட்கவில்லை. வரிசையில் நிற்க விடுங்கள் என்கிறேன். தண்டனை கொடுத்தது நீதிமன்றம், அதை அனுபவித்தும் முடித்தாயிற்று. அதற்கு மேல் ஆயுள் முழுக்க ஒரு தண்டனை கொடுக்க ஹெச்.ஆர். மேனேஜருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சம்பாதிக்க வழியில்லாதவர் பழைய சகவாசத்துக்கே திரும்பினால் பாதிக்கப்படுவதும் நம் தெருதான்.

சிங்கப்பூரில் 2004-லேயே 'மஞ்சள் ரிப்பன்' திட்டம் தொடங்கினார்கள். கைதியைத் திருத்துவதோடு நிற்காமல், விடுதலைக்கு முன்பே முதலாளிகளோடு பேசி வேலை பார்த்துத் தருகிறார்கள். புழலுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் நடுவே ஒரே ரோடு. இங்கே முடியாதா?

என்ன குற்றம், எத்தனை வருடம் முன்பு, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்த மூன்றையும் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றால்கூட ஒத்துக்கொள்கிறேன். கேட்காமலே ஓரம் போடக் கூடாது. பி.காம். முடித்து நம்மில் பாதிப் பேர் கம்பெனி ஆபீஸில்தான் உட்காரப் போகிறோம். அந்த விண்ணப்பம் நம் மேஜைக்குத்தான் வரும்.