லீவு நாளில் பனை ஏறலாமா?

எங்கள் மாப்பிள்ளையூரணித் தோட்டத்து வரப்போரம் 32 பனைகள் நிற்கின்றன. ஐந்து வருடமாக ஒன்றிலும் கலயம் கட்டவில்லை. ஏறிக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபது தாண்டி முழங்கால் போய்விட்டது. அவர் மகனை ஒருகாலத்தில் என் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, "இந்தத் தொழில் அப்பாவோட போகட்டும்ப்பா" என்று புத்தி சொல்லிக் கல்விக்கடன் கொடுத்த அதிகாரி நான்தான். கடனை வட்டியோடு கட்டி முடித்துவிட்டான். பனைதான் சும்மா நிற்கிறது.

ஐப்பசியில், துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் வந்தான். "அண்ணாச்சி, லீவு நாள்ல பனை ஏறப் படிக்கணும்." மறுநாளே அவன் அம்மா வந்துவிட்டார். "எங்க வீட்டுல ஏறுன பாடு போதாதா? இதுக்கா படிக்க வச்சேன்?" அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர் இல்லாத ஊர் நம் பக்கம் உண்டா? 'பனையேறி' என்று ஏளனம் பேசியதையும் அந்த வீடு மறக்கவில்லை.

ஆனாலும் நான் தம்பியின் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. நம் பயிற்சிகளுக்கு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், பஞ்சகவ்யா கலக்குவதை செல்போனில் படம் பிடிக்கிறார்கள், சாப்பிட்டுப் போகிறார்கள். தப்பில்லை. பனைக்கு அது ஆகாது. பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, தினமும் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவ வேண்டும். விட்டால் பதநீர் ஊறுவது குறைந்துபோகும். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் புளித்துக் கள்ளாகிவிடும், கூடினால் வாயில் வைக்க முடியாது. பெரியவரிடம் கேட்டேன். "ஏல, ஒருத்தன் லீவுக்கெல்லாம் பாளை காத்துக் கெடக்காது. நாலு பேரா வாங்க, முறை வச்சு ஏறுங்க" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். முதல் பருவம் விடிலியில் காய்ச்சிப் பழகணும், பிறகுதான் குட்டைப் பனை என்பதும் அவர் கணக்கு.

பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மரத்துக்குக் காவல் வந்தது சரி, ஏறுகிறவனுக்கு? தோட்டக்காரர்களாகிய நாம்தான் இடுப்புக்குப் பாதுகாப்பு பெல்ட் வாங்கித் தரணும், விபத்துக் காப்பீடும் எடுத்துத் தரணும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம். டீ, வடைக் காசு. வங்கிக்காரன் புத்தி, மன்னியுங்கள். 2 லட்சம் போதாது என்பதும் தெரியும். அதற்கு மேல் தனியாகவும் ஒரு பாலிசி எடுக்கப் போகிறேன்.

இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாலாவது ஆள் வேண்டும். தம்பியின் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை; தை பிறந்ததும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன்.